அரசு ரகசியத்தை வெளியே சொன்னால் என்ன ஆகும்?

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, 2002 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். தங்க நாற்கரச் சாலைப் பணியைப் பெரிய ஒப்பந்ததாரர்கள் எடுத்து, திறன் இல்லாத சிறு ஒப்பந்ததாரர்களிடம் கைமாற்றிவிடுகிறார்கள், பொதுப்பணம் கொள்ளை போகிறது என்பது புகார். பெயரில்லாக் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் தன்னைப் பற்றிய விவரங்களையும் கொடுத்தார். ஆனால் ரகசியம் கருதி அவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்தார். தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 30. அது வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. கடிதத்துக்கும் கொலைக்கும் தொடர்பு உண்டென்று நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை.

ஆனாலும் அந்தக் கடிதத்துக்கு நேர்ந்ததை மறக்க முடியாது. துபே எந்தக் கோப்பையும் கசியவிடவில்லை. பத்திரிகை அலுவலகப் படியேறவில்லை. நாட்டின் மிக உயர்ந்த அலுவலகத்தை நம்பி எழுதினார். காப்பாற்ற வேண்டிய ஒரே ரகசியத்தை அரசு காப்பாற்றவில்லை. அரசு ரகசியங்களை மக்களிடம் சொல்வது சரியா, தவறா என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். உள்ளே சொல்ல ஒரு நம்பகமான வழி இல்லாத இடத்தில், வெளியே சொன்னவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

முதலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அலுவல் ரகசியச் சட்டம் 1923-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. உளவு பார்ப்பதைத் தண்டிப்பது அதன் 3-வது பிரிவு. ராணுவம் தொடர்பான விஷயமானால் 14 ஆண்டுகள் வரை சிறை. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. சிக்கல் 5-வது பிரிவில். பதவியின் காரணமாகக் கைக்கு வந்த ரகசிய ஆவணத்தையோ தகவலையோ அனுமதி இல்லாதவரிடம் கொடுத்தால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுத்தவர் மட்டுமல்ல, ரகசியம் என்று தெரிந்தே வாங்கியவரும் குற்றவாளி. 'ரகசியம்' என்றால் எது என்று இந்தச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. பொது நன்மைக்காகச் சொன்னேன் என்ற வாதத்துக்கும் அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. எதிரி நாட்டுக்கு வரைபடம் விற்றவரும், ஊழல் குறிப்பை நிருபரிடம் காட்டிய குமாஸ்தாவும் ஒரே சட்டத்தின் கீழ்தான் வருகிறார்கள். அரசு அல்லது அரசு அதிகாரம் அளித்த அதிகாரி புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை ஏற்கும் என்பதால், யார்மீது வழக்கு, யார்மீது இல்லை என்பதும் ஆட்சியில் இருப்பவர் கையில்.

இந்தச் சட்டம் எப்படிப் பாயும் என்பதற்கு பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி ஒரு சாட்சி. 2002 ஜூனில் டெல்லியில் கைதானார். அவர் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட 'ரகசிய' ஆவணம், இணையத்தில் யாரும் படிக்கக் கிடைத்த ஓர் ஆய்வறிக்கை. ஏழு மாதம் திகார் சிறையில் கழிந்த பிறகு, 2003 ஜனவரியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த ஏழு மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இந்தச் சட்டத்தையே நீக்கச் சொல்லி 2006-ல் பரிந்துரைத்தது. சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதற்காக எல்லா ரகசியமும் பொய் என்று சொல்லிவிட முடியாது. படை நகர்வு, சங்கேதக் குறியீடு, அரசுக்குத் தகவல் தருகிறவரின் பெயர், நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தை இவை மூடியே இருக்க வேண்டும். இவற்றைத் திறந்துவிட்டால் சாகப்போவது அமைச்சர் அல்ல, எல்லையில் நிற்கும் சிப்பாயும் ஏதோ ஊரில் இருக்கும் சாதாரண மனிதரும்தான். எனவே கையில் ரகசியம் வைத்திருப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது: இந்தக் காகிதம் மூடியிருப்பதால் தப்பிப்பது நாடா, நாற்காலியில் இருப்பவரா?

அமெரிக்காவின் டேனியல் எல்ஸ்பெர்க் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் சுமந்தவர். வியட்நாம் போர் பற்றிப் பாதுகாப்புத் துறை தனக்காகத் தயாரித்துக்கொண்ட ஆய்வில் அவரும் வேலை செய்தவர். சுமார் 7,000 பக்கம். போரில் வெல்ல முடியாது என்று தெரிந்தும் அடுத்தடுத்து வந்த அரசுகள் மக்களிடம் பொய் சொன்னது அதில் பதிவாகியிருந்தது. 1969-ல் இரவு இரவாக உட்கார்ந்து நகல் எடுத்தார். 13 வயது மகன் நகல் இயந்திரத்தில் உதவினான். 10 வயது மகள் கத்தரிக்கோலால் 'மிக ரகசியம்' என்ற முத்திரையை வெட்டி எடுத்தாள். அவர் முதலில் போனது செனட் உறுப்பினர்களிடம். அங்கே கதவு திறக்காத பிறகே நியூயார்க் டைம்ஸ் இதழுக்குக் கொடுத்தார். 1971 ஜூன் 13-ல் தொடர் வெளிவந்தது.

அவர் கொடுத்ததைவிட, கொடுக்காமல் வைத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளை அவர் பத்திரிகைக்குத் தரவில்லை. அவை வெளிவந்தால் போர் நிற்பது தள்ளிப்போகலாம் என்று நினைத்தார். ஓடி ஒளியாமல் பாஸ்டனில் தானே சரணடைந்தார். மொத்தம் 115 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள். அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் அரசின் ஆட்களே புகுந்து திருடியது அம்பலமானதும், 1973 மே மாதம் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இதன் பக்கத்தில் 2011 செப்டம்பரை வைத்துப் பாருங்கள். சுமார் இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகத் தந்திகளை, தகவல் தந்தவர்களின் பெயரைக்கூட மறைக்காமல் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்டது. அதுவரை கூட நின்ற ஐந்து பெரிய பத்திரிகைகளே அதைக் கண்டித்தன. விக்கிலீக்ஸ் வெளிக்கொண்டுவந்த போர்க் கொடுமைகள் உலகம் அறிய வேண்டியவை. ஆனால் படித்துப் பிரிக்காமல் எல்லாவற்றையும் கொட்டுவதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் ரஃபேல் விமானக் கொள்முதல் தொடர்பான பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை 'தி இந்து' நாளிதழில் என்.ராம் வெளியிட்டார். கொள்முதல் பற்றிய தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரிய மனுக்களோடு அவை உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அவை திருடப்பட்டவை, நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்று வாதிட்டது அரசு; அலுவல் ரகசியச் சட்டத்தையும் காட்டியது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அந்த ஆட்சேபத்தை ஒருமனதாக நிராகரித்தார்கள். எல்ஸ்பெர்க் ஆவணங்கள் பற்றிய அமெரிக்கத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டினார்கள். மறுஆய்வு மனுக்கள் அந்த நவம்பரில் தள்ளுபடியாயின என்பதும் உண்மை. ஆனால் பத்திரிகையில் வந்துவிட்ட ஆவணத்தை, அது எப்படி வந்தது என்பதற்காக மட்டும் நீதிமன்றம் ஒதுக்காது என்பது நிலைபெற்றுவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கு முக்கியத் தூணாக நின்றது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. உங்கள் கையில் இருக்கும் முதல் கருவியும் அதுதான். வெளியிடுவதால் வரும் பொதுநன்மை, மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பெரிது என்றால், அலுவல் ரகசியச் சட்டம் இருந்தாலும் தகவலைத் தரலாம் என்கிறது 8(2) பிரிவு. இரண்டுக்கும் முரண் வந்தால் தகவல் சட்டமே மேலோங்கும் என்கிறது 22-வது பிரிவு. விலக்குப் பெற்ற உளவு, பாதுகாப்பு அமைப்புகளிடமும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலைக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். உயிர், சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். 'ரகசியம்' என்று ஒரே வரியில் மறுத்தால் விட்டுவிடாதீர்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மனுவில் 8(2) பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநன்மை என்ன என்று எழுதுங்கள்.

மத்திய அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ வங்கியிலோ முறைகேட்டைக் கண்டவருக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இருக்கிறது. பெயரை ரகசியமாகக் காத்துப் புகார் பெறும் ஏற்பாடு அங்கே, துபே கொலைக்குப் பிறகு, உச்ச நீதிமன்றத்தின் நெருக்குதலால் 2004-ல் வந்தது. உறையை நன்றாக ஒட்டி, ஆணையத்தின் செயலருக்கு முகவரியிட வேண்டும். பொதுநலன் வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழான புகார் என்று மேலே எழுத வேண்டும். எழுதாவிட்டால் சாதாரணத் தபாலாகப் பிரிக்கப்பட்டு உங்கள் பெயர் வெளியே போய்விடும். அனுப்புநர் பெயர் உறைக்குள்ளே மட்டும். புகாரின் வாசகத்தில் உங்களை அடையாளம் காட்டும் குறிப்பு எதுவும் வேண்டாம். மொட்டைக் கடிதம் எடுபடாது. உங்கள் பாதுகாப்புக்காகவே ஒப்புகைச் சீட்டு வராது. வரவில்லையே என்று பதறி மறுபடி எழுதாதீர்கள்.

மாநில அரசு ஊழியர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் லோக் ஆயுக்தாவும்தான் வழி. எங்கே போவதாக இருந்தாலும் அசல் கோப்பை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 'ரகசியம்' என்று முத்திரை உள்ள ஆவணம் வாட்ஸ்அப்பில் வந்தால் அடுத்தவருக்குத் தட்டிவிடாதீர்கள். வாங்கியவரும் பரப்பியவரும் சட்டத்தின் பிடிக்குள் வரலாம். செய்தியாளரிடம் சொன்னால் உங்கள் பெயரை நீதிமன்றத்திலும் காப்பதற்கென அவருக்குத் தனிச் சட்டம் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு பயத்துடன் ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் நாடாளுமன்றம் முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. அதன்படி, அலுவல் ரகசியச் சட்டம் தடுத்தாலும் உரிய அதிகார அமைப்பிடம் புகார் தரலாம். மாநில அரசுகளும் இதன் வரம்பில் வரும். புகார் தந்தவரின் பெயரை வெளியே விட்ட அதிகாரிக்கு 3 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியாகவில்லை. அந்தப் பாதுகாப்பைக் குறைக்கும் திருத்த மசோதா 2015-ல் மக்களவையில் நிறைவேறி, பின்னர் காலாவதியானது.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 2014-ல் நிறைவேறிய சட்டத்துக்கு ஏன் அறிவிக்கை வரவில்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதே கேள்வியை, 10 ரூபாய் கட்டி, மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடமும் கேளுங்கள்.