ஜெர்மனியில் கோடைக்காலம்

கோடை என்றவுடன் நாம் தேடுவது நிழல். ஜெர்மானியர் தேடுவது வெளிச்சம். டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கே இருள் கவிந்துவிடும் நாடு அது. ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்கும் விளக்கின் துணையின்றிப் புத்தகம் படிக்கலாம். மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த மக்கள் அப்பொழுது காட்டிற்கும் ஏரிக்கரைக்கும் மரத்தடிக்கும் புறப்பட்டுவிடுகின்றனர்.

இந்நாளில் நம் மாணவர் பலர் மேற்படிப்பின் பொருட்டு அந்நாட்டிற்குச் செல்கின்றனர். அவர்களிற் சிலர் கல்விக்கூடத்திற்கும் அறைக்குமாக நடந்தே கோடையைக் கழித்துவிட்டு, "இவ்வூரார் எளிதிற் பழகமாட்டார்கள்" என்று வீட்டிற்கு எழுதுகின்றனர். பழகும் இடம் வெளியே இருக்கிறது. அங்கே செல்வதற்குப் பெரும்பொருளும் வேண்டியதில்லை. ஆனால் அவ்விடத்து வழக்கங்களை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, நடை. 'வாண்டர்ன்' என்று ஜெர்மானியர் சொல்வது உடற்பயிற்சிக்காகக் காலையில் நடக்கும் நடையன்று. ரொட்டியும் நீரும் பையில் எடுத்துக்கொண்டு, காட்டு வழியாகவும் குன்றின் வழியாகவும் பகல் முழுதும் நடப்பது. அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு; அதில் பாதியளவு தனியாருக்குச் சொந்தம். எனினும் இளைப்பாறும் பொருட்டுக் காட்டினுள் நுழைய எவருக்கும் அனுமதி உண்டு என்று 1975-ஆம் ஆண்டின் வனச் சட்டம் கூறுகிறது. நுழைபவர் தம் பொறுப்பிலேயே நுழைகிறார் என்பதையும் அச்சட்டமே சொல்லிவிடுகிறது. வழி தவறாதிருக்க மரங்களில் வண்ணக் குறிகள் தீட்டப்பட்டிருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை சம்பளம் பெறாத நடைச் சங்கத்தினர், தூரிகையும் வண்ணமும் சுமந்து சென்று தீட்டியவை. இச்சங்கங்களின் பேரவை 1883-ஆம் ஆண்டிலேயே தோன்றியது.

இங்கே ஓர் ஆசிரியரின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல என் பழைய தொழில் என்னைத் தூண்டுகிறது. ரிச்சர்டு ஷிர்மான் என்பவர் அல்டேனா என்ற ஊரிற் பள்ளி ஆசிரியர். ஆலைப் புகையில் வளரும் பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாணவர்களுடன் அவர் பல நாள் நடைப்பயணம் மேற்கொண்டார். 26-ஆம் நாள் இடியும் மழையுமாகப் பெரும்புயல் பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. பெஞ்சுகளை ஒதுக்கி, வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளை உறங்க வைத்தார். அவர் மட்டும் உறங்கவில்லை. விடுமுறையில் ஊர்தோறும் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்கள் நடந்துவரும் இளைஞர்க்கு விடுதிகளானால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில் அவருக்குத் தோன்றிற்று. முதலில் தம் பள்ளி வகுப்பறையையே விடுதியாக்கினார். பின்னர் அல்டேனாக் கோட்டையில் நிலையான விடுதி எழுந்தது. இளைஞர் விடுதி இயக்கம் அங்கிருந்தே உலகெங்கும் பரவியது.

அக்கதையில் ஒரு கறையும் உண்டு. 1933-இல் நாட்சிகள் இவ்விடுதிகளை ஹிட்லர் இளைஞர் படையின்கீழ்க் கொண்டுவந்தனர். பிள்ளைகளின் காட்டு நடை படை நடையாக மாறிற்று. ஷிர்மானும் 1936-இல் சர்வதேசத் தலைமைப் பதவியினின்று விலக நேர்ந்தது. போருக்குப் பின் விடுதிகள் மீண்டும் இளைஞர்களிடமே வந்தன. இன்று ஆண்டுச் சந்தா செலுத்தி உறுப்பினராகும் எந்த மாணவரும் அவற்றில் தங்கலாம்.

இனி மரத்தடி. பவேரியாவிலே 'பியர்கார்ட்டன்' எனப்படும் தோட்டங்கள் உள்ளன. பெயரைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டா. ஆப்பிள் சாற்றிற் சோடாக் கலந்த பானமும் அங்கே கிடைக்கும். நான் பரிந்துரைப்பது அதுவே. அக்காலத்திற் கோடையில் மது வடிப்பது தீ விபத்திற்கு அஞ்சித் தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே குளிர்காலத்தில் வடித்ததை ஆற்றோரம் தோண்டிய நிலவறைகளிற் சேமித்தனர். அவற்றின்மேல் வெயில் படாதிருக்க அகன்ற இலையுடைய மரங்களை நட்டனர். அந்நிழலிலே மக்கள் கூடவே, நகரத்து விடுதிக்காரர்கள் முறையிட்டனர். மாக்சிமிலியன் யோசெப் மன்னர் 1812-இல் இரு சாராருக்கும் ஒரு வழி செய்தார்: தோட்டத்தில் மது விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கலாகாது. மக்கள் தம் உணவைக் கட்டிக்கொண்டு வந்தனர். உணவுத் தடை நெடுங்காலத்திற்கு முன்பே நீங்கிவிட்டது. கட்டுச்சோற்று உரிமை மட்டும் நிலைத்துவிட்டது. பவேரிய அரசின் 1999-ஆம் ஆண்டு விதிகளும் அதனை இத்தோட்டங்களின் இலக்கணமாகவே கொள்கின்றன. அதனால் புளியோதரைப் பொட்டலத்தை அங்கே தயங்காமல் அவிழ்க்கலாம். துணி விரித்த மேசைகள் மட்டும் உணவு வாங்குவோருக்கு உரியவை.

நீண்ட பெஞ்சில் இடம் இருந்தால், அமர்ந்திருப்பவரிடம் "இஸ்ட் ஹீயர் நோஹ் ஃப்ரை?" என்று கேட்க வேண்டும். 'இங்கே இடம் உண்டா?' என்பது பொருள். அனுமதி பெற்று அமர்ந்தபின் உரையாடல் பெரும்பாலும் தானே தொடங்கும்.

நீர்நிலைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறுகளிலும் ஏரிகளிலும் நீந்துவது அங்கே எளிய இன்பம். அதே நீரில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் மாள்கின்றனர். 1912-இல் பின்ஸ் என்னும் கடற்கரையூரில் படகுத்துறை இடிந்து பலர் மூழ்கினர்; அதன் விளைவாக மறுவருடம் ஜெர்மானிய உயிர்மீட்புச் சங்கம் பிறந்தது. சிறுவர்கள் 25 மீட்டர் நீந்திக் காட்டிக் 'கடற்குதிரை'ச் சின்னம் பெறுகின்றனர். மியூனிக் நகரின் ஈசார் ஆறு மலையிலிருந்து வருவது. நடுக்கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும். மணல் எடுத்த பள்ளங்களில் தேங்கிய ஏரிகளிலோ கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் சரிந்துவிடும். காவலரும் அங்கே பெரும்பாலும் இரார். நீச்சல் அறியாதவர் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி இறங்கலாகாது. நகராட்சிக் குளங்கள் பலவற்றிற் பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு. அக்டோபரிற் கல்லூரி சேரும் மாணவர் குளிர்காலம் முழுதும் அங்கே பயின்றால், அடுத்த ஜூன் மாதத்தில் தோழர்களோடு ஏரிக்குப் புறப்படலாம்.