தன் ஆட்டத்துக்குத் தானே நடுவர்: கோல்ஃப் ஓர் அறிமுகம்

தர்மபுரியிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் பத்து வயதுப் பையன்கூடப் பிரசங்கம் செய்வான். கபடிக்கும் வாலிபாலுக்கும் ஊருக்கு ஊர் குழுக்கள் உண்டு. ஆனால் கோல்ஃப் என்ற பேச்சை எடுத்தாலோ, அது கோடீசுவரர்கள் பொழுது போகாமல் புல்வெளியில் உலாவும் காரியம் என்ற அபிப்பிராயமே நம் ஜில்லாவில் பரவலாக நிலவுகிறது. அந்த அபிப்பிராயத்தை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. சங்கங்களின் சந்தாவும் மட்டைகளின் விலையும் காவற்காரர் நிற்கும் வாசலும் சேர்ந்து, அந்த ஆட்டத்தை நெடுங்காலம் சாமானியர் கைக்கு எட்டாததாகவே வைத்திருந்தன என்பது மெய்தான். ஆயினும், ஒரு விளையாட்டை அதை ஆடுவோரின் செல்வத்தைக் கொண்டு எடை போடாமல், அது மனிதனிடம் எதைக் கேட்கிறது, அவனுக்கு எதைக் கற்பிக்கிறது என்பதைக் கொண்டு எடை போடுவோமாயின், நம் பிள்ளைகள் அவசியம் அறிந்துகொள்ளத் தக்க விளையாட்டுகளுள் கோல்ஃபும் ஒன்று என்பது தெளிவாகும். ஏனெனில், பிறர் கண் படாத இடத்திலும் நேர்மை தவறாமல் ஆடுவான் என்று ஆட்டக்காரனை நம்பியே அதன் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

பிறந்த நாடும் வந்த வழியும்

பாரமகால் என்று அந்நாளில் வழங்கிய நம் பிரதேசம் 1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமானபோது, நிர்வாகப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்து, 1799 வரை நிலங்களை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடிகோலிய தாமஸ் மன்றோவைத் தர்மபுரி இன்னும் மறக்கவில்லை. அவர் பிறந்த ஸ்காட்லாந்து நாடே கோல்ஃபின் தாயகம். வில்வித்தைப் பயிற்சிக்குக் கேடு விளைகிறதென்று கருதி, 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பார்லிமெண்டு கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்து சட்டம் இயற்றியது என்றால், அந்த ஆட்டம் அக்காலத்திலேயே ஜனங்களை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1744-இல் எடின்பரோவை அடுத்த லீத் என்னும் ஊரில் அதற்கு 13 விதிகள் எழுதப்பட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக் களத்தில் 22 குழிகளாக இருந்த ஒரு சுற்று 18 குழிகளாகச் சுருக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகம் முழுவதற்கும் அதுவே பிரமாணமாயிற்று.

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றளவும் நிலைத்திருக்கும் கோல்ஃப் சங்கங்களுள் மிகப் புராதனமானது 1829-இல் கல்கத்தாவில் தோன்றியது என்பது நாம் பெருமையோடு நினைக்கத் தக்க செய்தி. 1876-இல் பெங்களூரில் ஒரு சங்கமும், 1895-இல் கொடைக்கானலில் ஒரு சங்கமும் ஏற்பட்டன. உதகையின் வென்லாக் மேட்டு நிலத்திலும், சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலும், கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் களங்கள் அமைந்தன. கொடைக்கானல் களத்தில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்க, அவை விலகும் வரை ஆட்டக்காரர்கள் பொறுமையோடு காத்து நிற்பதும் உண்டு. நம் ஜில்லாவிலிருந்து வேலை தேடியும் வியாபாரத்துக்காகவும் பெங்களூருக்குப் போய், மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கிருந்து சிறிது தொலைவிலேயே 1876-ஆம் வருஷத்துச் சங்கத்தின் களம் இருக்கிறது என்பதை அவர்களில் அறிந்தவர் சிலரே.

ஆட்டத்தின் சாரம்

தெருவில் கோலி ஆடும் சிறுவன், எட்ட இருக்கும் குழியைக் குறிவைத்துத் தன் கோலியைப் படிப்படியாக நகர்த்திச் சென்று அதற்குள் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்குக் கோல்ஃபின் சாரம் புதிதன்று. ஒரு சிறு பந்தைக் குறித்த இடத்தில் வைத்து அடித்து, அது எங்கே விழுந்ததோ அங்கே நடந்து போய், கிடந்தபடியே மறுபடியும் அடித்து, கூடுமான வரையில் குறைந்த அடிகளில் குழிக்குள் விழச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

தொடங்கும் மேடைக்கு 'டீ' என்று பெயர். அங்கிருந்து குழி வரையில் கத்தரித்த புல் படர்ந்த பாதை 'ஃபேர்வே'. அதன் இருமருங்கிலும் அடர்ந்து வளர்ந்திருப்பது 'ரஃப்'. இடையிடையே வேண்டுமென்றே வெட்டி மணல் நிரப்பி வைத்த பள்ளங்கள் 'பங்கர்'. இறுதியில், கம்பளம் போலத் தோன்றினாலும் கண்ணுக்குப் புலப்படாத சரிவுகள் நிறைந்த 'கிரீன்'. அந்தக் கிரீனில் 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியொன்று, கொடி நாட்டிய கம்போடு காத்திருக்கிறது. நூறு கெஜத்துக்குச் சற்று மேற்பட்ட குழியும் உண்டு. ஐந்நூறு கெஜத்தைத் தாண்டிய குழியும் உண்டு. தூரத்தைப் பொறுத்து ஒவ்வொரு குழிக்கும் 3, 4, 5 என்று ஓர் அடிக்கணக்கு விதித்திருக்கிறார்கள். அதுவே 'பார்', 18 குழிகளுக்கும் சேர்த்து அது பெரும்பாலும் 72 ஆகும். ஒரு குழியை அதன் பாருக்கு ஓர் அடி குறைவாக முடித்தால் 'பேர்டி', இரண்டு குறைந்தால் 'ஈகிள்', ஓர் அடி கூடினால் 'போகி'. புதிதாக ஆட வருகிறவர் ஒரு சுற்றுக்கு நூற்றிருபது அடி எடுத்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்கென்றே 'ஹேண்டிகேப்' என்ற சலுகைக் கணக்கு இருக்கிறது. வழக்கமாக 90 அடியில் முடிப்பவருக்கு ஏறக்குறைய 18 அடி கழித்துக் கணக்கிடுவதால், 72-இல் முடிக்கும் வல்லவரோடு அவர் சமமாகப் போட்டியிட முடியும். தாத்தாவும் பேரனும் ஒரே களத்தில் மெய்யாகவே போட்டியிட்டு, யார் வெல்வார் என்று தெரியாமல் ஆடக்கூடிய விளையாட்டுகள் உலகத்தில் அதிகம் இல்லை.

ஒருவர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம் என்பது விதி. ஆரம்பத்தில் ஆறேழு மட்டைகளே தாராளம். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதன் மேற்பரப்பில் நெருக்கமாகக் காணப்படும் சிறு குழிவுகள் அலங்காரத்துக்காக ஏற்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலினால் வழவழப்பான பந்துகளைச் செய்தபோது, புதுப் பந்தைவிட அடிபட்டுத் தழும்பேறிய பழம் பந்தே நேராகவும் தூரமாகவும் பறப்பதைக் கண்டு வியந்த ஆட்டக்காரர்கள், சுத்தியலால் தாங்களே தழும்புகளை உண்டாக்கத் தொடங்கினார்கள். குழிவுகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கி, பின்னிழுக்கும் தடையைக் குறைக்கின்றன என்ற விளக்கத்தை விஞ்ஞானம் பின்னரே அளித்தது.

முதற்பாடம்

புதியவர்கள் எல்லோருக்கும் நீண்ட மட்டையை எடுத்து ஓங்கி அடிக்க வேண்டும் என்ற ஆவலே முதலில் எழும். அனுபவமுள்ள ஆசிரியரோ குழியின் அருகிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். மூன்று முழ தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் விழச் செய்வதும், பிறகு கிரீனின் ஓரத்திலிருந்து மெல்லத் தட்டி எழுப்புவதும், அதன்பின் இரும்பு மட்டையால் பாதி வீச்சும், கடைசியிலேயே முழு வீச்சுமாக அப்பியாசம் வளர வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையை மேலேயும் வலக்கையை அதற்குக் கீழேயும் வைத்து, வலக்கைச் சுண்டுவிரல் இடக்கை ஆள்காட்டி விரலின்மேல் படியும்படி பிடிப்பது பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை. பிடி இறுகினால் முழங்கையும் தோளும் இறுகும். தோள் இறுகினால் வீச்சு தடைப்படும். ஆகையால் மட்டை நழுவாத அளவுக்கு மட்டும் பற்றினால் போதும்.

பந்தை மேலே எழுப்ப எண்ணி மட்டையை மேல்நோக்கி வீசுவது, தொடக்கத்தில் எல்லோரிடமும் காணப்படும் பிழை. இரும்பு மட்டையின் முகத்துக்கு இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு; மட்டை கீழ்நோக்கி வந்து பந்தைத் தொட்டு, பிறகு மண்ணைச் சீவினால், அச்சாய்வே பந்தை வானில் ஏற்றிவிடும். இடுப்பும் தோளும் திரும்ப, கைகள் அவற்றைப் பின்தொடர, தலை அசையாமல் இருக்க வேண்டும் என்ற இந்தச் சிறு இலக்கணத்தை உடம்பு கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். பலத்தைக் குறைத்து நிதானத்தைக் கூட்டினால் பந்து முன்னிலும் தூரம் போகும் என்பது ஒரு நாள் கைக்கே புரியும்போது உண்டாகும் ஆனந்தம், அந்தப் பிரயாசை முழுவதற்கும் ஈடாகும்.

தன் குற்றத்தைத் தானே உரைத்தல்

கோல்ஃப் களத்தில் ஆட்டக்காரனின் ஒவ்வோர் அடியையும் கூடவே வந்து கவனிக்கும் நடுவர் பெரும்பாலும் இல்லை. புதருக்குள் போன பந்தைத் தேட மூன்று நிமிஷம் உண்டு என்றால், அந்த மூன்று நிமிஷத்தைக் காப்பதும், காலால் பந்தை நகர்த்திவிடாமல் இருப்பதும், அடிகளை ஒளிக்காமல் அட்டையில் குறிப்பதும் ஆடுபவரின் மனச்சாட்சியையே பொறுத்தவை.

1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பவர் உயர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிக்க மட்டையை வைத்தபோது, பந்து இம்மியளவு அசைந்தது. அதைக் கண்டவர் அவரைத் தவிர வேறொருவரும் இல்லை. பந்து அசைந்ததென்று அவர் தாமே அறிவித்து, தமக்குத் தாமே ஓர் அடி தண்டனை விதித்துக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்து, மறு ஆட்டமும் சமமாகி, மூன்றாம் கட்டத்தில் ஒரே ஓர் அடியில் பட்டம் அவர் கையை விட்டுப் போயிற்று. அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் மறு ஆட்டத்துக்கே இடமிருந்திராது. அவர் வென்ற பட்டங்கள் பல. அவை எல்லாவற்றுக்கும் மேலாக, இழந்த இந்தப் பட்டத்தையே உலகம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பரீட்சை அறையிலும் கடைத் தராசிலும் அலுவலகக் கணக்கிலும் யாரும் பார்க்காத கணங்கள் நம் பிள்ளைகளுக்கு வரத்தான் போகின்றன. அக்கணங்களுக்கு இதைவிட நல்ல அப்பியாசம் வேறென்ன இருக்கிறது?

வேலியைத் தாண்டியவர்கள்

இனி, இந்த ஆட்டம் செல்வர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்துக்கு விடை கூறுவோம். 1991-இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டில்லிக் களத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து வளர்ந்தவர். 2009-இல் அதே பட்டத்தைப் பெற்ற பெங்களூர் முனியப்பாவும் பை சுமந்தே ஆட்டத்தைக் கற்றவர். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து அதை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தாச் சங்கத்தில் புல்லைப் பராமரித்த ஊழியரின் மகன். பெங்களூரில் பிறந்த அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்று, ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டபோது, அதுவரை கோல்ஃபைத் திரும்பியும் பாராத இல்லங்களில்கூட அதிகாலையிலேயே தொலைக்காட்சியின் முன் கூடினார்கள்.

நமக்கு எது தகும்?

18 குழிகள் கொண்ட பசுங்களம் ஒன்று கோடையில் நாள்தோறும் பல லட்சம் லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் தலைமுறை தலைமுறையாக அல்லலுற்று, 2013-இல் திறந்து வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் காவிரி நீரைக் காணத் தொடங்கிய நம் ஜில்லாவில் அத்தகைய களத்தை விரும்புவது நியாயமாகாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்தின் ஆதிக் களங்கள் ஆடு மேய்ந்த மணற்பாங்கான கடலோரப் புறம்போக்குகளே. மழையைத் தவிர அவற்றுக்கு வேறு நீர் கிடையாது. நம் தேசத்திலும் தண்ணீர் அரிதான இடங்களில் கிரீனுக்குப் பதிலாக, எண்ணெய் கலந்த மணலைச் சமன்படுத்திய 'பிரவுன்' என்னும் பரப்பில் ஆடிய வழக்கம் இருந்தது. ஆகவே, பயிரிடுவதற்கு உதவாத கரட்டு நிலத்தில் ஒரு பயிற்சித் திடல், நான்கைந்து பிரவுன்கள், இரவல் கொடுக்க இரண்டு மூன்று மட்டைத் தொகுதிகள், வாரத்துக்கு ஒரு நாள் வரும் ஓர் ஆசிரியர் என்ற அளவில் ஒரு கல்லூரியோ விளையாட்டுத் துறையோ முயற்சி எடுத்தால், ஒரு துளி குடிநீரையும் வீணாக்காமல் நூறு பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். அதுவரை, ஆர்வமுள்ளவர்கள் பெங்களூருக்குப் போகும்போது ஏதேனும் ஒரு பயிற்சித் திடலில் கட்டணம் செலுத்தி, ஒரு கூடைப் பந்தை அடித்துப் பார்க்கலாம். அதற்குச் சங்க அங்கத்தினர் ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எல்லா இடங்களிலும் இல்லை.

வறண்ட நிலத்தில் கேழ்வரகும் மாவும் புளியும் விளைவித்து, பொறுமையையும் சிக்கனத்தையும் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்கள் நம் ஜில்லா மக்கள். கோல்ஃப் கேட்பனவும் இவ்விரண்டுமே: அவசரப்படாத மனம், ஓர் அடியையும் வீணாக்காத கை. இவற்றோடு மூன்றாவதாக அது கேட்கும் நேர்மையையும் சிறு வயதிலேயே பழகிக்கொள்ளும் பிள்ளை, பட்டம் வென்றாலும் வெல்லாவிட்டாலும், எந்தத் தொழிலுக்குப் போனாலும் நம்பத்தக்க மனிதனாக விளங்குவான். அதற்காகவேனும் இந்த ஆட்டத்துக்கு நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஓர் இடம் அளிக்க வேண்டும்.