பன்னிரண்டு மைலுக்கு அப்பால் சுழலும் மெஷின்

பயணக் கப்பலின் கேசினோவில் அதிக இடத்தைப் பிடித்திருப்பது சீட்டு மேசை அல்ல, ஸ்லாட் மெஷின். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் இதை ஜாக்பாட் மெஷின் என்பார்கள். பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும். ஒரே படம் வரிசையாக அமைந்தால் பணம் வரும். சீட்டு மேசையில் உட்கார விதி தெரிந்திருக்க வேண்டும், தப்பாக ஆடினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். மெஷினிடம் அந்தக் கூச்சம் கிடையாது. முதல் முறையாகக் கப்பல் ஏறியவர்கள் கேசினோவில் நேராக இதன் முன்னால் போய் உட்காருவது அதனால்தான்.

இதன் மூதாதை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1890களில் பிறந்தது. சார்லஸ் ஃபே என்ற கைவினைஞர் செய்த ‘லிபர்ட்டி பெல்’ மெஷினில் மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்து நிறுத்தங்கள். அப்படியானால் மொத்தம் 1,000 விதமாக அது நிற்க முடியும். ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுப் பக்கவாட்டுக் கைப்பிடியை இழுக்க வேண்டும். மூன்று மணிகள் ஒன்றாக வந்தால் அதிகபட்சப் பரிசு 50 சென்ட். எண்ணத் தெரிந்தவர் உருளைகளைப் பார்த்தே தன் வாய்ப்பைக் கணக்கிட்டுவிடலாம் என்பது அந்தப் பழைய மெஷினின் நேர்மை.

1960களில் பாலி நிறுவனத்தின் ‘மனி ஹனி’ மின்சாரத்தில் ஓடியது. மெஷினின் குணத்தையே மாற்றியது அதற்குப் பிறகு வந்த கணினிதான். டெல்னெஸ் என்ற பொறியாளருக்கு 1984இல் கிடைத்த காப்புரிமையின்படி, கண்ணுக்குத் தெரியும் உருளைக்குப் பின்னால் சில்லுக்குள் இன்னொரு கற்பனை உருளை இருக்கும். வெளியே தெரிவது 22 நிறுத்தங்கள் என்றால் உள்ளே 64 இருக்கலாம், 256கூட இருக்கலாம். மூன்று உருளைகளில் 22 நிறுத்தங்கள் வீதம் கணக்கிட்டால் 10,648 சேர்க்கைகள். 256 வீதம் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல். பெரும்பரிசுப் படத்துக்கு உள்ளே ஒரே ஒரு இடத்தைத் தந்துவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல இடங்களைத் தரலாம். அப்போது பெரும்பரிசுப் படம் பரிசுக் கோட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து வந்து நிற்கும். ‘கொஞ்சத்தில் தப்பிவிட்டது’ என்று ஆடுபவர் நினைப்பார். அது கொஞ்சத்தில் தப்பியதல்ல. அப்படித் தப்பும்படி வைக்கப்பட்டது.

இன்றைய மெஷினில் தற்செயல் எண்களைப் பிறப்பிக்கும் நிரல் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில் கிடைக்கும் எண்தான் முடிவு. அதற்குப் பிறகு திரையில் நடப்பதெல்லாம் வேடிக்கை. ஆகவே ‘ரொம்ப நேரமாக இது பணம் தரவில்லை, இனி தந்தாக வேண்டும்’ என்ற கணிப்புக்கோ, ‘இப்போதுதான் தந்தது, இனி தராது’ என்ற கணிப்புக்கோ எந்த அடிப்படையும் இல்லை. ஒவ்வொரு சுற்றும் புதிது. முந்தைய சுற்று அதற்குத் தெரியாது.

உடன்குடியில் கருப்பட்டி வாங்குபவர் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, விலை கேட்டு, பேரம் பேசித்தான் பையை நீட்டுவார். ஸ்லாட் மெஷினுக்கும் விலை உண்டு, ஆனால் அது வெளியே எழுதியிருக்காது. ஒரு மெஷின் நீண்ட கால ஓட்டத்தில் போட்ட பணத்தில் 90 சதவீதத்தைத் திருப்பித் தரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 10 சதவீதம் கேசினோவுக்கு. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இது கொண்டுபோன பணத்தில் ஒரு முறை கழியும் பத்து சதவீதம் அல்ல, ஒவ்வொரு அழுத்தத்திலும் கழிவது. ஒரு சுற்றுக்கு 50 ரூபாய், மணிக்கு 500 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஓடும் பணம் 25,000 ரூபாய். அதில் பத்து சதவீதம் 2,500 ரூபாய். அந்த மெஷினில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கான சராசரி விலை அதுதான். வென்ற பணத்தையும் திரும்பப் போட்டு ஆடுவதால் 5,000 ரூபாயோடு உட்கார்ந்தவர் 25,000 ரூபாய்க்கு ஆடியிருப்பதை உணர்வதே இல்லை.

பல வரிகளில் ஒரே நேரத்தில் பந்தயம் வைக்கும் மெஷின்களில் இன்னொரு நுட்பம் உண்டு. இருபது வரிக்கு 100 ரூபாய் வைத்து, ஒரு வரியில் 30 ரூபாய் கிடைத்தால் 70 ரூபாய் நஷ்டம். ஆனால் மெஷின் விளக்கு மின்னி, இசை முழங்கிக் கொண்டாடும். தோல்விக்கு வெற்றியின் உடுப்பைப் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் நடாஷா டோ ஷூல் இந்த மெஷின்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். தீவிரமாக ஆடுபவர்கள் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை, நேரமும் உலகமும் மறந்துபோகும் அந்த நிலையில் நீடிப்பதற்காகவே ஆடுகிறார்கள் என்பது அவர் கண்டது.

இந்த மெஷின் தமிழ்நாட்டுக் கரையில் இருக்க முடியாது. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும், சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் காவல் சட்டமும் சூதாட்டக் கூடங்களைத் தடை செய்கின்றன. லாட்டரிச் சீட்டு 2003இல் நின்றது. சென்னைக் குதிரைப் பந்தயம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், அதில் திறமைக்குப் பங்கு உண்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்லாட் மெஷினுக்கு அந்த வாதம் செல்லாது. அதில் திறமைக்கு இடமே இல்லை. கைபேசியில் பணம் கட்டி ஆடும் ஸ்லாட்டுக்கும் முதலில் மாநிலச் சட்டத்தாலும், பிறகு 2025இல் மத்தியச் சட்டத்தாலும் கதவு மூடப்பட்டது.

கடலில் கதை வேறு. ஒரு நாட்டின் ஆட்சி எல்லைக் கடல் கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். இந்தியா இதை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்தது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. அதற்கு அப்பால் 200 மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் கரை நாட்டுக்கு உரிமை உண்டு, ஆனால் அந்த வழியே போகும் அந்நியக் கப்பலுக்குள் நடக்கும் சூதாட்டத்தில் அதன் சட்டம் பொதுவாகத் தலையிடாது. அங்கே கப்பல் பறக்கவிடும் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் சட்டம்தான். பஹாமாஸ், பனாமா, மால்டா கொடிகள் பயணக் கப்பல்களில் அதிகம் தென்படுவதற்கு வரி, கூலிச் சட்டங்களோடு இதுவும் ஒரு வசதி. துறைமுகத்தில் நிற்கும்போது பூட்டியிருக்கும் கேசினோ, கப்பல் கிளம்பிச் சில மணி நேரத்துக்குப் பிறகு திறப்பதன் காரணம் இதுதான். அமெரிக்கக் கொடியோடு ஹவாய்த் தீவுகளுக்குள்ளேயே சுற்றும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ கப்பலில் கேசினோவே கிடையாது. ஹவாய் சூதாட்டத்தை அனுமதிப்பதில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், மணப்பாடு கரைகளுக்கு எதிரே மன்னார் வளைகுடா அகன்றிருக்கிறது, ஆகவே அங்கே 12 மைலைத் தாண்டிப் போக இடம் உண்டு. வடக்கே பாக் நீரிணைப் பகுதியில் நிலைமை நேர்மாறு. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அங்கே இந்தியக் கடல் முடியும் கோட்டில் இலங்கைக் கடல் தொடங்குகிறது, நடுவில் பொதுக்கடல் இல்லை. ராமேசுவரம், தலைமன்னார் பக்கம் எவ்வளவு பெரிய கப்பலை ஓட்டினாலும் இந்தச் சலுகை கிடைக்காது.

தூத்துக்குடி வட்டாரத்தார் பார்த்த பெரிய பயணிகள் கப்பல் ‘ஸ்கோடியா பிரின்ஸ்’. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடத் தொடங்கி, அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. அதே ஆண்டின் தொடக்கத்தில் லிபியாவில் சிக்கிய இந்தியர்களை மீட்டதும் இந்தக் கப்பல்தான். அதற்கும் முன்னால் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே இருபது ஆண்டுக்கு மேல் ஓடியபோது, அதில் கேசினோ ஒரு முக்கியக் கவர்ச்சியாக இருந்தது. பயணிகள் கப்பல் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்குத் தூத்துக்குடியில் அது தங்கிய ஐந்து மாதங்கள் சாட்சி.

அண்மை ஆண்டுகளில் சென்னையிலிருந்து கேசினோவோடு புறப்பட்ட கப்பல் என்றால் கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’. 1990இல் பிரான்சில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கட்டி இறக்கிய கப்பல் அது. 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பினார். அதே மாதம் புதுச்சேரியில், சூதாட்டம் நடக்கும் கப்பல் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கரைசேர அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. இலங்கையில் உரிமம் பெற்ற கேசினோக்கள் உண்டு. ஆனால் கரையில் ஒரு கேசினோவுக்குத் தந்த உரிமம் வந்து நிற்கும் கப்பலுக்குச் செல்லாது.

‘கப்பல் கேசினோ’ என்று விளம்பரத்தில் பார்ப்பதெல்லாம் கடலில் ஓடுவது அல்ல. கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் கோவாவின் சட்டத்துக்கு உட்பட்டவை. அங்கே 1992இல் ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஸ்லாட் மெஷினுக்கும், 1996இல் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் சட்டத்திருத்தம் வழிவிட்டது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. கோவாவாசிகளே உள்ளே போகக்கூடாது என்ற தடை 2020 பிப்ரவரியில் வந்தது. வெளியூர்க்காரர் தோற்றால் பரவாயில்லை என்று ஓர் அரசே சட்டமாக எழுதிவைத்திருப்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கரை கேசினோவையும் கப்பல் கேசினோவையும் ஒப்பிட்டால் ஆடுபவருக்குப் பாதகம் கப்பலில்தான் அதிகம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மெஷின் குறைந்தது 75 சதவீதமாவது திருப்பித் தரும்படி அமைந்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. மெஷின்கள் எவ்வளவு பிடித்துக்கொண்டன என்பதை அரசு மாதந்தோறும் வெளியிடுகிறது. நடுக்கடலில் அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. கப்பல் நிறுவனங்களின் உலகச் சங்கம் வகுத்த நெறிகள் இருக்கின்றன, ஆனால் அவை தொழில் தனக்குத் தானே எழுதிக்கொண்டவை. கப்பலில் மோசடி மெஷின் வைக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. அதற்குத் தேவையே இல்லை. லாஸ் வேகஸில் பிடிக்காவிட்டால் எதிர்க் கூடத்துக்கு நடந்துவிடலாம். கடலில் எதிர்க் கூடம் கிடையாது. போட்டி இல்லாத கடையில் விலை எப்படி இருக்குமோ அப்படித்தான் இங்கும்.

பணம் போகும் வழியும் கண்ணுக்குத் தெரியாது. பல கப்பல்களில் அறைக் கதவைத் திறக்கும் அட்டையே மெஷினுக்குள்ளும் போகும். ஆடிய தொகை அறைக் கணக்கில் ஏறும், சில நிறுவனங்கள் அதற்குச் சில சதவீதம் கட்டணமும் பிடிக்கின்றன. அட்டையில் சேரும் புள்ளிகளைக் கொண்டு இலவச பானம், அடுத்த பயணத்தில் சலுகை என்று தருவார்கள். புள்ளி கணக்காவது வென்ற தொகையை வைத்தல்ல, போட்ட தொகையை வைத்து. ‘இலவசப் பயணம்’ கிடைத்தவர் அதற்கான கட்டணத்தை ஏற்கனவே மெஷினில் கட்டிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

ஆசைக்கு ஆடிப் பார்ப்பவர் சினிமாவுக்கு ஒதுக்குவதுபோல ஒரு தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, அறை அட்டையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. நிறுத்த முடியாமல் தவிப்பதை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அப்படித் தவிப்பவர்களோ அவர்கள் வீட்டாரோ அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

வெற்றிக்கு வரியும் உண்டு. இந்தியாவில் வசிப்பவர் உலகின் எந்தக் கடலில் சூதாடி வென்றாலும் அந்தத் தொகைக்கு 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் கட்ட வேண்டும். அதே பயணத்தில் தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை.