கத்திக்கு ஜாதகப் பொருத்தம்!

'கத்தி' என்றதும் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இது அந்தக் கத்தி இல்லை ஸார், நிஜக் கத்தி! எஃகு, பித்தளை, தோல் எல்லாம் சேர்த்துக் கையால் செய்தது. விலையைக் கேட்டால் கேட்டவருக்கே லேசாக வெட்டு விழும்.

ஸ்டாம்பு சேர்ப்பவர்கள், நாணயம் சேர்ப்பவர்கள் நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் பழைய கைவேலைக் கத்தி சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களிடம் போய் 'ராண்டால்' என்று சொல்லிப் பாருங்கள்... கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

யார் இந்த ராண்டால்? ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ ஊர்க்காரர். 'போ' ராண்டால் என்பார்கள். பழத்தோட்டம் வைத்திருந்த குடும்பம். 1930-களில் மிச்சிகன் பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு லீவில் போன இடத்தில், யாரோ ஒருவர் படகிலிருந்த பழைய பெயிண்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அத்தனை சுரண்டியும் கத்தி மழுங்கவில்லை. அது வில்லியம் ஸ்கேகல் என்பவர் கையால் செய்த கத்தி. மற்றவர்களாக இருந்தால் 'அட!' என்றுவிட்டு மீன் பிடிக்கப் போயிருப்பார்கள். ராண்டால் ஊருக்குத் திரும்பி, தானே கத்தி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சிப்பாய்கள் 'எனக்கொண்ணு' என்று கேட்க, பொழுதுபோக்கு தொழிலாயிற்று. பிறகு வியட்நாம் வரை போனது. விண்வெளிக்கும் போனது! 1961-ல் கஸ் கிரிஸம் விண்வெளிக்குப் போய்விட்டு இறங்கிய 'லிபர்ட்டி பெல் 7' கலம் அட்லாண்டிக் கடலில் மூழ்கிவிட்டது. ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். கலத்தோடு ஒரு ராண்டால் கத்தியும் அடியில் போய்விட்டது. 1999-ல் தூக்கினார்கள். 38 வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறியும் கத்தி கத்தியாகத்தான் இருந்தது.

இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. கத்தி தாங்கும். உறை தாங்காது.

தோல் அல்லவா! மழையில் நனையும், வெயிலில் காயும், தையல் விடும், பூஞ்சைக் காளான் பூக்கும். அப்பா யுத்தத்திலிருந்து கொண்டுவந்த கத்தியைப் பிள்ளை துடைத்து வைத்துக்கொள்வான். உறையை 'நாத்தம்' என்று குப்பையில் போட்டுவிடுவான். அதில் அப்பா கைப்பட எழுதின பேரும் படைப்பிரிவும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

போனால் போகட்டும், வேறு உறை வாங்கினால் போச்சு என்பீர்கள். நான் பி.காம். எனக்கு இதை இப்படித்தான் சொல்ல வரும்: கத்தி என்பது ஸ்டாக் என்றால், உறைதான் வவுச்சர்! ராண்டால் கத்திகளில் பொதுவாகச் செய்த வருஷமோ வரிசை எண்ணோ அடிப்பதில்லை. வயசைச் சொல்ல முக்கிய சாட்சிகளில் ஒன்று உறை. வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டர் பாஸ் பண்ணுவார்?

அதனால்தான் உறை தேடும் படலம். நம் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரியேதான். பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள்.

முதல் பொருத்தம், தைத்தவர் யார்? யுத்த காலம் தொட்டு ஏறக்குறைய 1950-கள் முடிகிற வரை ராண்டாலுக்கு உறை தைத்துக் கொடுத்தது டென்வர் நகரத்து ஹைஸர் கம்பெனி. குதிரைச் சேணம் தைத்துப் பேர் வாங்கினவர்கள். முத்திரையும் குத்தி அனுப்புவார்கள். 1960-களில் மாரிஸ் ஜான்ஸன் வந்தார். அவருடைய ஆரம்பகால உறைகளில் பின்பக்கத் தோல் சொரசொரவென்று இருக்கும். பிற்பாடு வந்தவை வழவழ. 1944-ல் யுத்தத்துக்குப் போன கத்தி என்று ஒருவர் காட்டி, உறை ஜான்ஸனுடையதாக இருந்தால்... ஜாதகம் இடிக்கிறது!

அடுத்தது, பட்டனின் நிறமும் அளவும். உறையின் முன்னால் சின்னப் பையில் சாணைக்கல் வைத்திருப்பார்கள், அதையும் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு நீளம், அகலம். கடைசியாகத் தழும்பு. வருஷக்கணக்கில் குடியிருந்த கத்தி, தோலில் தன் உருவத்தைப் பதித்துவிடும். பிடிக்குக் கீழேயுள்ள பித்தளைத் தடுப்பு எங்கே உரசியதோ அங்கே கறுத்திருக்கும். வேறு கத்தியைச் சொருகினால் தடம் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம்.

பொருத்தமான உறை கிடைத்து, அநாதைக் கத்தியோடு சேர்த்துவிட்டால், பழம்பொருள் வியாபாரத்தில் அதற்குப் பேரே 'கல்யாணம்'தான்! கல்யாணம் தப்பில்லை. அதே காலத்து உறை, ஆனால் இந்தக் கத்தியோடு பிறந்ததில்லை என்று சொல்லிவிட்டு விற்பவர் யோக்கியர். சொல்லாமல் 'ஒரிஜினல் ஜோடி' என்று விற்பவர், வாங்குகிறவரின் பணத்தை மட்டும் எடுக்கவில்லை. எந்தச் சிப்பாயின் இடுப்பில் எது தொங்கியது என்கிற சரித்திரத்தையே கலைத்துவிடுகிறார். அடுத்து வாங்குகிறவர் அந்தப் பொய்யை அத்தாட்சியாக வைத்து இன்னொரு கத்திக்கு வயசு சொல்வார். ஒரு போலி வவுச்சர் பத்து வருஷக் கணக்கைக் கெடுக்கிற கதை!

இத்தனை அலைந்து சேர்த்த ஜோடியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் தெரியுமோ? தனித்தனியாக! பதப்படுத்தின தோலில் அமிலம் உண்டு. ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கத்தியை உறையிலேயே விட்டால் எஃகில் துரு புள்ளி புள்ளியாகக் குழி போடும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், அது தோலையும் கெடுக்கும். எனவே கத்திக்கு மெல்லிசாக எண்ணெய் தடவி ஓர் இடம், உறைக்குப் பக்கத்தில் வேறு இடம்.

இதை என் சகதர்மிணியிடம் விளக்கினேன். "இவ்வளவு பொருத்தம் பார்த்துச் சேர்த்து வெச்சு, ஒண்ணா இருந்தா ரெண்டும் கெட்டுப்போகுமா?" என்றாள்.

"ஆமாம்."

"அந்த ஊர்க்காரங்களுக்குக் கத்தியைப் பார்த்துத்தான் புரிஞ்சுதாக்கும்!" என்று சொல்லிவிட்டு, காய் நறுக்கப் போய்விட்டாள்.