ஒரு சர்வர், எத்தனை மாணவர்?
கணினி ஆய்வகத்தின் தாங்குதிறனைக் கணக்கிடுவோம்

பத்து மாணவர்கள் அமர்ந்தால் நன்றாக இயங்கும் கணினி ஆய்வகம், இருபது பேர் அமர்ந்ததும் திணறுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். தட்டிய எழுத்து தாமதமாகத் திரைக்கு வரும். “சார், என் சிஸ்டம் நின்னுபோச்சு”, “டீச்சர், எனக்கும்” என்று நாலாபுறமும் குரல் கேட்கும். 40 நிமிடப் பாடவேளையில் கால்வாசி இதிலேயே கரைந்துவிடும். வீட்டில் கணினி இல்லாத குழந்தைக்கு அந்த வாரம் கிடைத்தது அந்த ஒரு பாடவேளைதான். இணையவழி மதிப்பீடு நடக்கும் நாளில் இப்படி நேர்ந்தால், விடை தெரிந்த குழந்தையும் விடையளிக்க முடியாமல் போகும்.

ஆகவே, நம் சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஆசிரியரே முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்திருப்பது நல்லது. அதற்குப் பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

பகிர்வு சர்வர் எப்படி இயங்குகிறது?

சில ஆய்வகங்களில் மாணவர் முன்னால் இருப்பது முழுக் கணினி அன்று. திரை, கீபோர்டு, மவுஸ் இவற்றோடு ஒரு சிறு பெட்டி மட்டுமே. இதைத் ‘தின் கிளையண்ட்’ என்பார்கள். உண்மையான வேலை முழுவதும் சர்வரில் நடக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் சர்வர் தனியாக ஒரு டெஸ்க்டாப்பைத் திறந்து, அதன் படத்தை மட்டும் நெட்வொர்க் வழியே அனுப்புகிறது. இதுவே ரிமோட் டெஸ்க்டாப் முறை. ஒரே அடுப்பில் இருபது பேருக்குத் தோசை வார்ப்பது போன்றது இது.

உங்கள் ஆய்வகம் இந்த வகையா என்று அறிய எளிய வழி உண்டு. இரண்டு இருக்கைகளில் லாகின் செய்து, இரண்டிலும் கணினியின் பெயரைப் பாருங்கள். ஒரே பெயர் தெரிந்தால் இருவரும் ஒரே சர்வரைப் பகிர்கிறீர்கள்.

அருவிக்கடியில் எத்தனை பேர்?

குற்றாலத்தில் சாரல் காலத்தில் ஒரு நாளில் வந்துபோகும் கூட்டம் வேறு; பேரருவிக்கடியில் ஒரே நேரத்தில் நிற்கும் கூட்டம் வேறு. நிமிடத்துக்கு 10 பேர் உள்ளே போகிறார்கள், ஒவ்வொருவரும் 5 நிமிடம் குளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் அருவிக்கடியில் சராசரியாக 10 × 5 = 50 பேர் இருப்பார்கள். 1961இல் இதைப் பொது விதியாக நிறுவியவர் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில். வங்கி வரிசை முதல் சர்வர் வரை இந்த ‘லிட்டில் விதி’ பொருந்தும்.

பள்ளியில் 400 மாணவருக்கு லாகின் இருக்கலாம். சர்வருக்கு அது சுமையன்று. ஒரே நேரத்தில் உள்ளே இருப்போரே சுமை. அலுவலகத்தில் இருபது பேர் லாகின் செய்திருந்தாலும் ஒருவர் தேநீர் குடிப்பார், ஒருவர் தொலைபேசியில் இருப்பார். பள்ளியிலோ மணி அடித்ததும் இருபது பேரும் ஒரே நிமிடத்தில் லாகின் செய்கிறார்கள். “இப்போது பிரவுசரைத் திறங்கள்” என்றதும் இருபது பேரும் ஒன்றாகக் கிளிக் செய்கிறார்கள். அலுவலகத்துக்குச் சொல்லப்பட்ட எண்ணிக்கை நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

அளந்து பார்ப்போம்

முதலில் ரேம். ஒருவருக்கு எவ்வளவு ரேம் தேவை என்பது அவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. எனவே அளப்பதே சரி. சர்வரில் விண்டோஸ் இருந்தால் டாஸ்க் மேனேஜரிலும், லினக்ஸ் இருந்தால் சிஸ்டம் மானிட்டரிலும் ரேம் பயன்பாடு தெரியும். யாரும் இல்லாதபோது ஒருமுறை, 5 மாணவர் வேலை செய்யும்போது ஒருமுறை, 10 பேர் வேலை செய்யும்போது ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் வழக்கமான பாடவேலையையே செய்ய வேண்டும்; சும்மா லாகின் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அளவு தவறும்.

ஓர் எடுத்துக்காட்டு: 16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் கிடைத்த அளவுகள் இவை என்று கொள்வோம்.

மாணவர் 0 – 3.0 ஜிபி
மாணவர் 5 – 5.5 ஜிபி
மாணவர் 10 – 8.0 ஜிபி

மாணவர் எண்ணிக்கையை x எனவும் ரேமை y எனவும் கொண்டால், y = 0.5x + 3. சாய்வு 0.5 என்பது ஒரு மாணவருக்கான ரேம். வெட்டுத்துண்டு 3 என்பது சர்வர் தனக்கே எடுத்துக்கொள்வது. 16 ஜிபியில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் மீதி 12.8. (12.8 – 3) ÷ 0.5 = 19.6. ஆக, ரேம் கணக்கில் 19 பேர்.

அடுத்தது பிராசசர். மைக்ரோசாஃப்ட் வழிகாட்டுதலின்படி மெய்நிகர் கோர் ஒன்றுக்கு இலகுவான வேலை செய்வோர் 6 பேர், நடுத்தர வேலை 4 பேர், கனமான வேலை 2 பேர் என்பது தொடக்க மதிப்பீடு. நம் எடுத்துக்காட்டு சர்வரில் இத்தகைய 4 கோர்கள் இருந்து, வேலை நடுத்தரமானால் 4 × 4 = 16 பேர்.

ரேம் 19 என்கிறது; பிராசசர் 16 என்கிறது. இரண்டில் சிறியதே விடை: 16. 32 பேர் கொண்ட வகுப்பை 16 பேராக இரு குழுக்களாகப் பிரிக்கலாம்.

ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும்?

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி விழத் தொடங்கினாலே குளிக்கத் தடை வந்துவிடும்; ஆபத்து நேரும்வரை காத்திருப்பதில்லை. சர்வருக்கும் அப்படியொரு வளைவு வேண்டும். ரேம் தீர்ந்துவிட்டால் சர்வர் ஹார்டு டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். சுழலும் வகை டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் 19 பேர் வரை சீராக ஓடிய சர்வர், இன்னும் சிலர் சேர்ந்ததும் எல்லோருக்கும் சேர்த்தே நின்றுபோகிறது.

காணொலியும் உரிமமும்

காணொலி தனிச் சுமை. 1366 × 768 திரையில் ஒரு காட்சிக்குச் சுமார் 31.5 லட்சம் பைட். நொடிக்கு 25 காட்சி என்றால் ஏறக்குறைய 63 கோடி பிட். 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் நொடிக்கு அனுப்பக்கூடியது 10 கோடி பிட் மட்டுமே. எனவே சர்வர் ஒவ்வொருவருக்கும் படத்தைச் சுருக்கி அனுப்பப் பாடுபடுகிறது. 16 பேரும் தனித்தனியே காணொலி பார்ப்பதைவிட, புரொஜெக்டரில் ஒருமுறை காட்டுவது மேல்.

விண்டோஸ் சர்வரில் தனி உரிமம் இல்லாமல் நிர்வாகப் பணிக்காக இருவர் மட்டுமே நுழைய முடியும். மற்றவர்க்கான வசதியை நிறுவியபின் 120 நாள் சலுகைக்காலம் உண்டு. சில மாதம் நன்றாக ஓடிய ஆய்வகம் திடீரென எல்லோரையும் மறுத்தால், பழுது என்று எண்ணுமுன் இதையும் பாருங்கள்.

நாளை செய்யக்கூடியவை

• எல்லோரையும் ஒன்றாக லாகின் செய்ய விடாமல், வரிசை வரிசையாக அரை நிமிட இடைவெளியில் செய்யச் சொல்லுங்கள்.
• வேலை முடிந்ததும் சன்னலை மட்டும் மூடாமல் ‘சைன் அவுட்’ செய்யப் பழக்குங்கள். இல்லையெனில் முந்தைய வகுப்பு மாணவரின் டெஸ்க்டாப் ரேமை விடாமல் பிடித்திருக்கும்.
• மதிப்பீட்டுக்குச் சில நாள் முன்பே முழு எண்ணிக்கையில் ஒத்திகை பாருங்கள்.
• கண்டறிந்த எண்ணை ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டுங்கள். புதிய மென்பொருள் நிறுவினால் மீண்டும் அளங்கள்.

இந்த அளவெடுப்பை மாணவரிடமே ஒப்படைக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் நேர்கோட்டுச் சமன்பாடு நடத்தும்போது, வரைபடத்தாளில் இந்த மூன்று புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். சாய்வு என்பது ஒரு நண்பர் கூடுதலாக வந்தால் கூடும் சுமை என்று புரிந்துகொண்ட மாணவர், அதை எளிதில் மறக்கமாட்டார். கூடுதல் ரேமோ கணினியோ கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் செல்லும்போது, “மெதுவாக இருக்கிறது” என்ற குறையைவிட அந்த வரைபடம் தெளிவாகப் பேசும்.