தோல் நாற்காலியும் திராட்சை விதையும்

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையைத் தின்னும்போது அதன் விதையைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பழம் இனிக்கும்; விதை துவர்க்கும். நாக்கு வறண்டு சுருங்கியது போலிருக்கும். விதையிலுள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைவதே இதற்குக் காரணம். மாட்டுத் தோலை அழுகாத நாற்காலி உறையாக மாற்றுவதும் இதே வினைதான். இதைப் புரிந்துகொண்டால், வீட்டுக்குத் தோல் சாய்வு நாற்காலி வாங்கும்போது ஏமாறாமல் இருக்கலாம்.

பதனிடுதல் என்றால் என்ன?

பச்சைத் தோலில் நீர் போக மிகுதியாக இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி சேர்த்துக் கயிறு திரிப்பது போல, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு ஒரு கொலாஜன் மூலக்கூறாகின்றன. ஈரத்தோல் பாக்டீரியாக்களுக்கு உணவாகி அழுகும். காய்ந்த தோலில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேளத்தோல் போல விறைத்துவிடும். டானின் இழைகளுக்கிடையே புகுந்து பிணைந்துகொண்டால் தோல் அழுகுவதுமில்லை, விறைப்பதுமில்லை.

ஆண்டிபட்டிப் பக்கத்து வறண்ட கரடுகளில் மஞ்சள் பூவோடு நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டையில் டானின் மிகுதி. தமிழகத்தில் நெடுங்காலம் தோல் பதனிட உதவியது இப்பட்டையே. கமலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் தொங்கிய தோல் வால் நாள்தோறும் நனைந்தும் உழைத்ததற்குக் காரணம் பதனிடுதல்தான்.

பட்டை முறைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் ஓரிரு நாளில் வேலை முடியும். நீரில் நனைந்த பச்சைத் தோல் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் சுருங்கும். பட்டைத் தோல் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும். இன்றைய தோல் பெரும்பாலும் குரோம் தோலே. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் அதிலுள்ள உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரைக் கெடுக்கும். பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடையில் எதைப் பார்ப்பது?

1956-இல் அமெரிக்காவின் ஈம்ஸ் தம்பதியர் வடிவமைத்த தோல் சாய்வு நாற்காலி புகழ்பெற்றது. அதைப் போன்றே செய்த நாற்காலிகள் உலகெங்கும் விற்கின்றன. வடிவத்தை யாரும் நகல் எடுக்கலாம். ஆகவே பொருளைப் பாருங்கள்.

நாற்காலியைக் கவிழ்த்து, உறையின் வெட்டிய ஓரத்தைத் தேடுங்கள். அங்கே பஞ்சு போல் பின்னிக்கிடக்கும் இழைகள் தெரிந்தால் தோல். நெய்த துணியும் மேலே வழவழப்பான பூச்சும் தெரிந்தால் ரெக்சின். மேற்பரப்பிலுள்ள மயிர்த்துளைகள் ஒரே ஒழுங்காக அச்சிட்டது போலிருந்தாலும் சந்தேகப்படுங்கள். தோல் தூளைப் பசையால் ஒட்டி, பாலியூரித்தேன் பூசியும் விற்கிறார்கள். காற்றின் ஈரம் அப்பூச்சின் பிணைப்புகளைச் சிதைப்பதால், சில ஆண்டுகளில் அது செதில் செதிலாக உரியும்.

தீக்குச்சியால் சுட்டுப் பார்க்க வேண்டாம். பி.வி.சி. பூச்சு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும்.

பழைய நாற்காலியானால் விரலால் தேய்த்துப் பாருங்கள். செந்நிறத் தூள் ஒட்டினால் வாங்காதீர்கள். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு பட்டைத் தோலில் அமிலமாக மாறி இழைகளை அறுத்துவிட்டது என்று பொருள். எண்ணெய் பூசினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. லேசான வறட்சி மட்டுமே என்றால் பராமரித்துப் பயன்படுத்தலாம்.

செய்து பாருங்கள்

செருப்புத் தைப்பவரிடம் பூச்சில்லாத மெல்லிய தோல் துண்டும், இருக்கை தைக்கும் கடையில் ரெக்சின் துண்டும் கேட்டு வாங்குங்கள். இரண்டு டம்ளர்களில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, வாயை ஒன்றில் தோலாலும் மற்றொன்றில் ரெக்சினாலும் இறுகக் கட்டுங்கள். மேலே, சற்று இடைவெளி விட்டு, குளிர்ந்த எவர்சில்வர் தட்டுகளைப் பிடியுங்கள். எந்தத் தட்டில் நீர்த்துளி படிகிறது? கோடையில் ரெக்சின் இருக்கையில் முதுகு ஏன் நனைந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு விடை அந்தத் தட்டில் இருக்கும்.