துளி டிரெய்லர்: உடல் சூட்டில் கதகதக்கும் மூன்று கன மீட்டர்

துளி டிரெய்லர் என்பது காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் ஒரு குட்டிப் படுக்கையறை. எட்டடி நீளம், நாலைந்து அடி அகலம், உள்ளே நாலடி உயரம். முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் சரிந்தும் இருக்கும். உள்ளே ஒரு மெத்தை, ஒரு விளக்கு, கால்மாட்டில் ஒரு சின்ன அலமாரி. நிமிர்ந்து உட்காரலாம், எழுந்து நிற்க முடியாது. பின்கதவை மேலே தூக்கினால் அடுப்பு மேடையும் பாத்திரத் தட்டும் தெரியும். சமைப்பவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும்.

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பூங்காவையும் திறந்தது. அது முதல் சக்கர வீடுகளைப் பற்றிய பேச்சு இந்தியாவில் கூடியிருக்கிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஏ.சி.யும் கழிப்பறையும் வைத்த பெரிய வேன்களைப் பற்றியது. துளி டிரெய்லர் அதற்கு நேர் எதிர். ஹைதராபாத்வாசிகள் குளிர்கால வார இறுதிகளில் விகாராபாத் பக்கம் மூசி நதி பிறக்கும் அனந்தகிரி மலைக்கும், கோட்பள்ளி நீர்த்தேக்கத்துக்கும், நல்லமலைக் காட்டோரங்களுக்கும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கூடாரம் தராத எதை இந்தச் சிறு பெட்டி தந்துவிடும்? விளம்பரங்கள் அதன் வடிவத்தைக் காட்டுகின்றன. விடை இருப்பதோ அதன் கொள்ளளவில்.

வரலாறு சுருக்கமானது. 1930-களில் அமெரிக்காவில் தோன்றிய வண்டி இது. 1947 செப்டம்பரில் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் இதன் வரைபடத்தை வெளியிட்டது. பிளைவுட்டும் அலுமினியத் தகடும் வாங்கிப் பலர் வீட்டுக் கொல்லையிலேயே செய்துகொண்டார்கள். பெரிய டிரெய்லர்கள் வந்ததும் மங்கியது. கடந்த முப்பது ஆண்டுகளில் மறுபடி தலையெடுத்திருக்கிறது.

வடிவத்தைப் பற்றிய பெருமை பாதிதான் உண்மை. முன்புறம் மழுங்கி, வால்புறம் நீண்டு குறுகும் முழுத் துளிக்குக் காற்று இழுவைக் கெழு ஏறக்குறைய 0.04, இன்றைய கார்களுக்கு அது 0.3-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் அந்த 0.04, எல்லாப் பக்கமும் உருண்டு, தடையற்ற காற்றில் தனியே நிற்கும் துளிக்கு உரியது. டிரெய்லரின் பக்கச் சுவர்கள் தட்டையானவை. வால் பாதியிலேயே வெட்டப்பட்டது. ஓடுவதோ காருக்குப் பின்னால் சுழன்றடிக்கும் காற்றில். டீசல் மிச்சமாவதற்கு முதற்காரணம் அதன் உயரம். காரின் கூரையைவிட அதிகம் எழும்பாததால் புதிதாக அது கிழிக்க வேண்டிய காற்று குறைவு. அதே உயரத்தில் ஒரு சதுரப் பெட்டியை இழுத்தாலும் இந்த ஆதாயத்தில் பெரும்பங்கு கிடைக்கும்.

உண்மையான அதிசயம் இரவில், கதவைச் சாத்திய பிறகு நடக்கிறது. 1958 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களின் ஆற்றல் தேவையைக் கணக்கிடப் பயன்படுத்தும் சூத்திரங்களின்படி, 65 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவர் அசையாமல் படுத்திருக்கும்போது செலவிடும் ஆற்றல் சுமார் 75 வாட். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சுமார் 60 வாட். ஆக, இருவர் உறங்கினால் 135 வாட் ஹீட்டர் ஒன்று விடிய விடிய எரிகிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு வியர்வையும் மூச்சும் ஆவியாவதில் போய்விட, 100 வாட் அளவு நேரடி வெப்பமாக அறைக்குள் சேர்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டு அறையில் இந்த 100 வாட்டால் ஒரு டிகிரி கூட ஏறாது. செங்கல்லும் கான்கிரீட்டும் அதை விழுங்கிவிடும். கூடாரத்தில் நிலைமை வேறு விதத்தில் மோசம். தக்காணத்தின் தெளிந்த குளிர்கால இரவில் மெல்லிய துணி தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். படுத்திருப்பவரின் உடலும் அந்தக் குளிர்ந்த துணியை நோக்கிக் கதிர்வீசும். உள்ளே காற்று மிதமாக இருந்தும் முதுகு சில்லிடுவது இதனால்தான்.

துளி டிரெய்லரின் கணக்கு இப்படி: சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 11 சதுர மீட்டர் அளவு. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே 25 மி.மீ. தெர்மகோல் வைத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் வெளியேறும் வெப்பம் 12 வாட் போல. 100-ஐ 12-ஆல் வகுத்தால் எட்டு டிகிரி. வெளியே 14 டிகிரி என்றால் உள்ளே 22. அடுப்பில்லை, மின்சாரமில்லை, இரண்டு உடல்கள் மட்டுமே. சுவரின் உள்பரப்பும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருப்பதால் உடல் வெப்பம் கதிர்வீச்சாகக் களவு போவதில்லை. இந்தக் கதகதப்புக்காகத்தான் மனிதர்கள் நாலடி உயரப் பெட்டிக்குள் விருப்பத்தோடு தவழ்ந்து போகிறார்கள்.

ஆனால் இந்த எட்டு டிகிரி, எல்லாத் துளைகளையும் அடைத்தால் வரும் கணக்கு. அடைக்கக் கூடாது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 கிராம் அளவு நீராவியை விடுகிறார்; இருவர் எட்டு மணி நேரத்தில் விடுவது 600 கிராமுக்கும் மேல். 20 டிகிரியில் இந்த அறைக்குள் இருக்கும் மூன்று கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய ஈரமே 52 கிராம்தான். வெளியிலிருந்து வந்த காற்றில் அதில் பாதி ஏற்கெனவே இருக்கும். மிச்ச இடம் இருபது நிமிடத்தில் நிரம்பிவிடும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு கிராமும் எங்காவது நீராகப் படிந்தே ஆக வேண்டும்.

ஹைதராபாத் தம் பிரியாணியில் நடப்பதும் இதுவே. விளிம்பில் மாவு ஒட்டி மூடிய ஹண்டியிலிருந்து ஆவி வெளியேற முடியாது. மேலே போய் மூடியில் படிந்து, துளியாகி, அரிசி மேலேயே விழும். மூடி குளிர்ந்திருந்தால் மேலடுக்கு நசநசத்துவிடும். அதற்காகவே சமையல்காரர் மூடியின் மேல் தணல் அள்ளிப் போடுகிறார். சூடான மூடியில் ஆவி அவ்வளவாகப் படியாது. டிரெய்லர் கூரையில் தெர்மகோல் செய்வதும் அந்தத் தணலின் வேலையைத்தான். தணல் விடுபட்ட இடங்களும் உண்டு: ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், அலுமினியச் சட்டம், சுவரை ஊடுருவி நிற்கும் ஒரு திருகாணித் தலை. விடிகாலையில் அங்கேதான் முதலில் முத்து முத்தாக நீர் கோக்கும். திருகாணியைச் சுற்றி பிளைவுட் கறுத்திருந்தால், அது பல இரவுகளின் மூச்சு. ஒப்புமை இதோடு முடிகிறது. பிரியாணிக்கு மாவுப் பூச்சு வேண்டும், மனிதருக்குத் திறந்த துளை வேண்டும்.

ஈரத்தைவிட அவசரமானது மூச்சுக்காற்று. இருவர் உறக்கத்தில் வெளியிடும் கரியமில வாயு மணிக்கு 22 லிட்டர் அளவு. காற்றே புகாத மூன்று கன மீட்டரில் அது முக்கால் மணி நேரத்துக்குள் 0.5 சதவீதத்தைத் தொடும். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் உச்ச அளவு அது. 0.14 சதவீதத்தில் நிறுத்த வேண்டுமானால் மணிக்கு 22 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அதாவது அறையின் முழுக்காற்றும் மணிக்கு ஏழு முறை மாற வேண்டும்.

இதற்கு விசிறிகூடக் கட்டாயமில்லை. வெளியைவிட ஐந்து டிகிரி கூடுதல் சூடுள்ள காற்று அதற்குப் போதிய அளவு லேசானது. தரையருகே ஒன்று, கூரையில் ஒன்று, தலா 16 செ.மீ. சதுரத்தில் துளை இருந்தால், காற்றசைவே இல்லாத இரவிலும் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழ்வழியே புதுக்காற்று உள்ளே வரும். அதை நடத்துவதும் உறங்குபவரின் உடல் சூடுதான். வெளியேறும் காற்று டிகிரிக்கு ஏழு வாட்டைக் கூடவே எடுத்துச் செல்லும். சுவர் வழியே போகும் 12-உடன் சேர்த்தால் 19; உள்சூடு எட்டிலிருந்து ஐந்து டிகிரியாகக் குறையும். வெளியே 14, உள்ளே 19. ஒரு கம்பளிக்குள் சுகமாக உறங்க அது போதும். சேரும் ஈரமும் கன மீட்டருக்கு நாலு கிராமுக்குள் அடங்கிவிடும். சுவர் உலர்ந்திருக்கும், கண்ணாடி மட்டும் விளிம்பில் லேசாக வியர்க்கும். மூன்று டிகிரியை விட்டுக்கொடுத்து நல்ல மூச்சை வாங்கும் இந்தப் பேரம்தான் துளி டிரெய்லரின் வடிவமைப்பு முழுவதும். குளிருக்குப் பயந்து குமுட்டி அடுப்பையோ தணல் சட்டியையோ உள்ளே வைப்பது உயிருக்கு ஆபத்து: கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழுப்பாமலேயே கொல்லும். அடுப்பை வெளிப்புறத்தில் வைத்த பழைய வடிவமைப்பு அந்த வகையில் மிகச் சரியானது.

இதே கணக்கு ஏப்ரலில் திரும்பி அடிக்கும். மே மாதத்தில் ஹைதராபாத்தின் இரவே 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். அதன் மேல் ஐந்தைக் கூட்டினால் உறக்கம் இல்லை. ஏ.சி. வைத்து, சூரியத்தகட்டில் இரவெல்லாம் ஓட்டலாம் என்ற விளம்பரத்தையும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருக்கும் மொத்த மின்சாரம் 1.2 யூனிட். 600 வாட் ஏ.சி. அதை இரண்டு மணி நேரத்தில் குடித்துவிடும். பத்து இருபது வாட் கூரை விசிறியோ அதே பேட்டரியில் பல இரவுகள் சுழலும். குளிரில் அந்தக் கவலை இல்லை: நகரின் கடுங்குளிர்ப் பதிவான 6.1 டிகிரி வந்த 1946 ஜனவரி 8-லும் இரட்டைக் கம்பளியோடு இந்த அறை தாக்குப்பிடித்திருக்கும். தக்காணத்தில் இதன் பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

சாலையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே வரையறுக்கிறது; எனவே பதிவு செய்யாமல் சாலையில் இழுக்க முடியாது. இரண்டாவது, எடை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும். சமையல் பகுதி பின்னால் இருப்பதால் தண்ணீர் கேனையும் சிலிண்டரையும் அங்கேயே அடுக்கத் தோன்றும். வால் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்கும். கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும்.

வாங்கவோ செய்யவோ நினைப்பவர் வளைவின் அழகைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியவை: மேலும் கீழுமாக அடைக்க முடியாத இரண்டு துளைகள், இடைவெளி விடாத தெர்மகோல், ஜன்னல் சட்டத்தில் உலோகம் உள்ளிருந்து வெளிவரை நேராக ஓடாத அமைப்பு, கொக்கி எடை. இந்த நான்கும் சரியாக இருந்தால், சதுரப் பெட்டியும் துளி டிரெய்லர் தரும் உறக்கத்தைத் தரும்.